வியாழனுக்கு மூன்று வெள்ளைக் கோடு

"டீச்சர், ஒண்டு கேக்கன், கோவிக்கப்படாது" என்றார் நூர்தீன், விரித்துக் கிடந்த படத்தில் விரலை வைத்து. "இந்தச் செவப்பு எங்க முடியுது?"

"முடியல்ல நானா."

"அப்ப மஞ்சள் எங்க தொடங்குது?"

"தொடங்கல்ல."

நூர்தீன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். உள்ளே ஏதும் விடை கிடக்கிறதா என்று தேடுகிறவர்போல அதற்குள் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

குறிஞ்சிப்பிட்டியில் களப்போரமாக ஃபைபர் வள்ளம் கட்டும் கொட்டில் அவருடையது; ஊரில் எல்லாருக்கும் அவர் நானா, அண்ணன் முறை. அந்தக் கரையில் ஓடும் வள்ளங்களில் பாதி தன் கொட்டிலில் பிறந்தவை என்று அவர் சொல்வார். கால்வாசி என்று மற்றவர்கள் சொல்வார்கள். உண்மை, எல்லா வியாபாரத்திலும்போல, இரண்டுக்கும் நடுவில் பேரம் முடிகிற இடத்தில் இருந்தது. வள்ளத்துக்கு முன்னால் அணியம் உண்டு, பின்னால் கடையார் உண்டு. இடையில் என்ன வேண்டுமென்றாலும் கேளுங்கள், செய்து தருவார். தொடக்கமும் முடிவும் இல்லாத சாமானைக் கேட்டுத்தான் அவரிடம் இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

கேட்டு வந்தவள் பஹ்மிதா. கற்பிட்டிப் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பௌதிகவியல் படிப்பிப்பவள். பல்கலைக்கழகத்தில் அவள் எழுதிய ஆய்வு வியாழன் கோளின் உள்ளமைப்பைப் பற்றியது. அதனால் என்ன பிரயோசனம் என்று கேட்காத ஒருவரை எத்தாளையிலிருந்து புத்தளம்வரை அவள் இன்னும் சந்திக்கவில்லை. வெங்காயம் விற்கிறவர் கேட்டார், இறால் விற்கிறவர் கேட்டார். கட்டாரில் இருக்கும் புருஷன் றிஸ்மினும் வருடத்துக்கு ஒருமுறை, வீடியோவில், மிக மரியாதையாகக் கேட்பான்.

இப்போது முதல்தடவையாக அதற்கு ஒரு பிரயோசனம் வந்திருந்தது. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று மாவட்டத்துக்கு ஒரு பெரிய தொலைகாட்டி தருவதாக அறிவித்திருந்தது. ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடங்கள் ஆளுக்கொரு விஞ்ஞானக் காட்சிப்பொருளுடன் வரவேண்டும். அதைச் செய்தது ஊர்த் தொழிலாளியின் கையாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலம் என்பதால் ஆசிரியரே நின்று விளக்கம் சொல்ல வேண்டும். எது முதலாவதோ, அந்தப் பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் தொலைகாட்டி ஏறும்.

வியாழனைத் தலைகீழாகப் படித்த பஹ்மிதா அதை ஒரு நல்ல தொலைகாட்டியில் ஒருநாளும் பார்த்ததில்லை. படித்ததெல்லாம் கணினித் திரையில். வேலைக்கு வந்த புதிதில், ஆர்வக்கோளாறில், தான் முதன்முதல் படிப்பித்த வகுப்புப் பிள்ளைகளிடம், "நீங்க ஸ்கூல விட்டுப் போகமுன்ன சனிக்கோள்ட வளையத்தக் கண்ணால காட்டுவன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விட்டார்கள். ஒருத்திக்குக் குழந்தையும் பிறந்துவிட்டது. மீன் கடையில் கண்டால் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "சனி எப்ப டீச்சர்?" என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பஹ்மிதா மீன் வாங்கும் நேரத்தை மாற்றிவைத்திருந்தாள்.

ஆகவே வியாழன். ஓர் ஆள் உயரத்துக்கு ஃபைபரில் ஓர் உருண்டை. பழத்தில் ஒரு துண்டு வெட்டி எடுத்ததுபோல ஒரு பக்கம் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும். உருண்டை செய்வது நூர்தீனுக்கு வெற்றிலை போடுகிற மாதிரி. வெட்டு முகத்தில்தான் வம்பு தொடங்கியது.

"சும்மா கேக்கன்" என்றார். "இதுக்குள்ள ஒரு வள்ளத்த எறக்கினா எங்க தரை தட்டும்?"

"தரை இல்ல நானா. அதத்தான் காட்டப்போறம். மேல இரிக்கிறது காத்து. ஐதரசன், கொஞ்சம் ஈலியம். கீழ போகப் போக மேல இரிக்கிற பாரம் அமுக்குது. அமுக்க அமுக்கக் காத்து தடிச்சி, தடிச்சி, தண்ணி மாதிரி ஆகும்."

"அந்தத் தண்ணிட மேல்மட்டத்தில வள்ளம் நிக்கும் தானே?"

"மேல்மட்டம் இல்ல. இது வரைக்கும் காத்து, இதுக்குப் பொறகு தண்ணி எண்டு காட்ட ஏலாது. ஒண்டு மத்ததா மாறிட்டே போகுது."

நூர்தீன் கொட்டிலுக்கு வெளியே களப்பைப் பார்த்தார். அங்கே காற்று முடிந்த இடத்தில் தண்ணீர் தொடங்கியது. யாருக்கும் சந்தேகமில்லாமல் நேராக, பளபளவென்று. கையை நீட்டி அதைக் காட்டினார்.

"இங்க இரிக்கி" என்றாள் பஹ்மிதா. "அங்க இல்ல."

"சரி. அதுக்கும் கீழ?"

"இன்னும் அமுக்கினா ஐதரசனே உலோகமாகுது. அணுவில இரிக்கிற இலத்திரன் எல்லாம் கழண்டு ஓடத் தொடங்கும். கரண்ட் பாயும். உருக்கின ஈயம் மாதிரி ஓடும். வியாழன்ட காந்தம் அதில இருந்துதான் வருது."

"பலூனுக்கு அடிக்கிற காத்தில உலோகம்." நூர்தீன் கன்னத்தைச் சொறிந்தார். "இந்தச் சரக்க ஆர்ட்டயும் சொல்லி விக்க ஏலாது டீச்சர். நீங்க அரசாங்கச் சம்பளம் எடுக்கிறதால தப்பினீங்க."

"நடுவில மழையும் பெய்யுது. ஈலியம் ஐதரசனோட கலக்க ஏலாமத் துளி துளியாப் பிரிஞ்சி உள்ளுக்கு விழுது."

இதைக் கேட்டதும் நூர்தீனின் முகம் தெளிந்தது. மழை அவருக்குத் தெரிந்த சாமான். "அதுக்கு ரெசின் துளி வச்சி வேல செஞ்சி தாரன். அது என்ட கணக்கு. காசு வேணா" என்றார். இலவசமாகத் தருகிற ஒன்றைச் சொல்லி மற்ற எல்லாவற்றையும் தன் இஷ்டப்படி செய்துகொள்வது அவருடைய வியாபார முறை என்று பஹ்மிதாவுக்கு அப்போது தெரியாது.

அடுத்த கிழமை வந்து பார்த்தபோது உருண்டையின் நடுவில் ஒரு பந்து உட்கார்ந்திருந்தது. வலை மிதப்பின் அச்சில் வார்த்து, தேய்த்து, கறுப்புப் பூசி, முகம் பார்க்கலாம்போல மினுக்கிய பந்து.

"நடுக்கரு" என்றார் நூர்தீன் பெருமையாக.

"நானா, நடுக்கரு இப்பிடி இல்ல எண்டு சொன்னன் தானே. முந்தி எல்லாரும் கல்லும் இரும்பும் சேர்ந்த ஒரு கட்டி எண்டுதான் நெனச்சாங்க. இப்ப ஒரு விண்கலம் கிட்டப் போய்ச் சுத்திச் சுத்தி வருது. ஒவ்வொரு சுத்திலயும் வியாழன் அத எவ்வளவு இழுக்குது எண்டு அளந்து பாத்தா, உள்ளுக்கு இரிக்கிற பாரம் எங்க எங்க கெடக்குது எண்டு தெரியும். அது ஒரே இடத்தில கட்டியா இல்ல. கரைஞ்சி, மத்ததோட கலந்து, பாதித் தூரம் வரைக்கும் பரந்து கெடக்குது."

"கரைஞ்ச சாமானுக்கு எப்பிடி அச்சு எடுக்கிற?"

"அச்சு எடுக்காதீங்க. கலந்து விடுங்க."

பந்தைக் கழற்றுவதற்கு அரைநாள் போனது. கழற்றியதை எறிய மனமில்லாமல் நூர்தீன் அதைக் கொட்டில் வாசலில் வைத்தார். அன்று பின்னேரமே மீன் வாங்க வந்த ஒருவர் அதை நல்ல விலைக்குக் கேட்டுக்கொண்டு போய்விட்டார். "பாத்தீங்களா" என்றார் நூர்தீன், "முடிவு இரிக்கிற சாமானுக்கு மதிப்பு இரிக்கி."

பிறகு கலந்துவிடப் பார்த்தார். நிறம் போட்ட ரெசினை ஒன்றன்மேல் ஒன்றாக, ஈரம் காயமுன் தடிப்பாக ஊற்றினால் தானே கலக்கும் என்பது அவருடைய யோசனை. பஹ்மிதாவுக்கும் அது சரியாகப்பட்டது. இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே யோசனை அதுதான். அதனால்தானோ என்னவோ அது வெடித்தது. தடிப்பாக ஊற்றிய ரெசின் இறுகும்போது தனக்குள்ளேயே சூடேறும். புகை கிளம்பி, படார் படாரென்று வெடிப்பு விட்டு, வெட்டு முகம் வறண்ட குளத்தின் அடிபோலக் கிடந்தது. பஹ்மிதா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்துவது பாக்கி. அதிபர் ஸபீனா ஒவ்வொரு காலையும், "எங்கட தொலைகாட்டி எப்பிடிப் போகுது?" என்று கேட்பதை, ஏற்கெனவே மொட்டைமாடியில் அதைப் பூட்டிவிட்டவர்போலவே கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் புத்தளத்திலிருந்து அஸ்ஹானைக் கூட்டிவந்தார்கள். அடிபட்ட கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். பழைய பெயின்ட் எது, புதியது எது என்று வண்டிக்காரனுக்கே தெரியாமல் செய்வது அவன் தொழில். வெட்டு முகத்தைப் புதிதாக வார்த்துக் கொடுத்ததும் துப்பாக்கிபோன்ற விசிறியால் மஞ்சளைச் சிவப்பாகவும், சிவப்பைச் சாம்பலாகவும், சாம்பலை இருட்டாகவும் மெல்ல மெல்ல மாற்றினான். விரலை வைத்து இதுதான் இடம் என்று சொல்ல முடியாது. இடையில் நூர்தீனின் ஈலியத் துளிகள் மினுங்கின. பஹ்மிதா எட்டி நின்று பார்த்தாள், கிட்டப் போய்ப் பார்த்தாள். கணினித் திரையில் இலக்கங்களாக ஓடியது இங்கே கொட்டிலுக்குள், மீன் வாடைக்கு நடுவில், உருண்டு நின்றது. அன்றுதான் அவள் அந்தக் கிழமையில் வயிறாரச் சாப்பிட்டாள்.

இதெல்லாம் நடந்த நாட்களில் அன்ரனிப்பிள்ளை கொட்டிலில் இல்லை. நூர்தீன் கட்டும் வள்ளங்களுக்குப் பேர் எழுதுகிறவரும் கோடு போடுகிறவரும் அவர்தான். தலவில அன்னம்மாள் கோவில் பெருநாளுக்குக் குடும்பத்தோடு போய்க் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு: வள்ளத்தில் இரண்டு நிறம் சந்திக்கிற இடத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓட வேண்டும். கோடு ஓடாத வள்ளம் வேலை முடியாத வள்ளம். அதைக் கடலில் இறக்கமாட்டார்கள். இறக்கினால் பக்கத்து வள்ளக்காரன், "ஏன், பிரஷ் வாங்கக் காசில்லையா?" என்று கேட்பான். அன்ரனிப்பிள்ளையின் கோட்டுக்கு மன்னாரிலிருந்தும் ஆள் வரும். அளவுகோல் வைக்கமாட்டார், நூல் பிடிக்கமாட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே ஒரே இழுவை.

போட்டி நாள் காலையில் பஹ்மிதாவும் ஸபீனாவும் லொறியோடு வந்தபோது அன்ரனிப்பிள்ளை பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார்.

வியாழனில் மூன்று வெள்ளைக் கோடுகள் ஓடின. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையில் ஒன்று. சிவப்புக்கும் சாம்பலுக்கும் இடையில் ஒன்று. நடுவில், கரைந்து பரந்து கிடக்க வேண்டிய கருவைச் சுற்றி, இழுத்துக் கட்டிய கம்பிபோல இன்னொன்று.

நூர்தீன் பள்ளிவாசலிலிருந்து அப்போதுதான் வந்தவர், ஒருமுறை கோட்டைப் பார்த்தார், ஒருமுறை டீச்சரைப் பார்த்தார். பிறகு கொட்டிலின் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

"ராத்திரி வந்து சேந்தன்" என்றார் அன்ரனிப்பிள்ளை. "விடிய வந்து பாத்தா, சாமான் அரைகுறையாக் கிடக்குது. யாரோ கார்ப் பெயின்ட் அடிக்கிற பொடியன் அலங்கோலமாக் கலந்து போட்டிருக்கிறான். நிறம் எங்க முடியுது எண்டு அவனுக்கே தெரியேல்ல. நல்ல காலம் நான் வந்தன். டீச்சர், காசு ஒண்டும் வேண்டாம். பிள்ளையளின்ர விசயம்."

"அண்ணன்" என்றாள் பஹ்மிதா, "அந்தக் கோட்ட அழிக்க ஏலுமா?"

அவர் அவளை, கோவிலில் செருப்போடு நிற்கிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அழிக்கிறதோ? கிட்ட வந்து பாருங்கோ. ஒரு மயிரளவு வளைஞ்சிருந்தாச் சொல்லுங்கோ, நானே அழிக்கிறன்."

கிட்டப் போய்ப் பார்த்தாள். வளையவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். தின்னரைத் துணியில் நனைத்து ஓரமாக ஒரு விரலளவு துடைத்துப் பார்த்தார் நூர்தீன். வெள்ளை மட்டும் போகவில்லை; கீழே இருந்த அஸ்ஹானின் மஞ்சளும் சேர்ந்து வந்தது. அஸ்ஹானுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். தன் வேலைக்கு மேல் யாரோ கோடு போட்டதாகக் கேள்விப்பட்டதும், அந்தக் கொட்டில் இருக்கிற திசைக்கே இனி வரமாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டான். லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

"டீச்சர்" என்றார் ஸபீனா மெதுவாக, "எனக்கெண்டா இப்பதான் வடிவா இரிக்கி."

பஹ்மிதா லொறியில் ஏறினாள். நூர்தீனும் அன்ரனிப்பிள்ளையும் கூடவே ஏறினார்கள். பின்னால் வியாழன் கயிற்றில் கட்டுண்டு, ஒவ்வொரு குழிக்கும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தது.

புத்தளத்து மண்டபத்தில் வரிசையாகப் பள்ளிக்கூடங்கள். உப்பளத்து மாதிரி ஒன்று, காற்றாலை மாதிரி ஒன்று. வண்ணாத்திவில்லுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று மட்பாண்டக்காரரைக் கொண்டு எரிமலை செய்து வந்திருந்தது. அது பத்து நிமிடத்துக்கு ஒருதரம் சிவப்பு நுரையைக் கக்கியது. கக்கும்போதெல்லாம் சனம் அங்கே ஓடியது. ஆனால் நடுவர்கள் மூன்று பேரும் வியாழனுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்கள். தலைமை நடுவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பாடப்புத்தகங்களுக்குப் படம் தெரிவு செய்து தருகிறவர் என்று ஸபீனா முன்பே விசாரித்து வைத்திருந்தார்.

பஹ்மிதா விளக்கினாள். காற்று தடித்துத் திரவமாவதை, ஐதரசன் உலோகமாவதை, ஈலியம் மழையாவதை. கோடுகள் இருந்த இடங்களில் வேகமாகப் பேசிக் கடந்தாள், குழி கண்ட சைக்கிள்போல.

தலைமை நடுவருக்குக் கோட்டைவிட்டுக் கண் போகவில்லை. "இதுதான் தெளிவு" என்றார் மற்ற இரண்டு பேரிடமும். "மற்ற ஆட்கள் எல்லாம் ஒன்றோடொன்று குழப்பி வைத்திருப்பார்கள். இங்கே பாருங்கள், எந்தப் படை எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது, ஒரு குழந்தைக்கும் விளங்கும். இந்தக் கோடு போட்ட கை யாருடையது?"

அன்ரனிப்பிள்ளை முன்னால் வந்து வணக்கம் வைத்தார். பெருநாளுக்கு வாங்கிய ஷேர்ட்டைப் போட்டிருந்தார்.

"நாங்கள் இதற்கு மேலும் சுற்றத்தான் வேண்டுமா என்று யோசிக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தார் தலைமை நடுவர். பக்கத்திலிருந்தவரும் சிரித்தார். ஸபீனாவின் கை பின்னாலிருந்து வந்து பஹ்மிதாவின் முழங்கையை அழுத்தியது. நூர்தீன் தொண்டையைச் செருமினார். விலை படிந்துவிட்டது, இனி வாயைத் திறக்காதே என்பதற்குப் புத்தளம் சந்தையில் அந்தச் செருமல் போதும்.

பஹ்மிதாவும் சந்தைக்குள் பிறந்தவள்தான். அவளுக்கும் விளங்கியது. மனதுக்குள் தொலைகாட்டி மொட்டைமாடியில் ஏறி நின்றது. அதில் கண்ணை வைத்தாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவளும் கண்ணை வைத்தாள். பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகள் வந்து, இந்த மூன்று கோட்டையும் பார்த்துப் படித்துக்கொண்டு போனார்கள். அவளுடைய வாழ்க்கையில் மூன்று வருடம், கோடு இல்லை என்று காட்டுவதில் போயிருந்தது.

"சேர்" என்றாள், "அந்தக் கோடுகள் பிழை."

முழங்கையிலிருந்த கை அப்படியே நின்றது.

"பிழையா?"

"வியாழனுக்குள்ள அப்பிடி ஒரு எல்லை இல்ல சேர். நடுக்கருவச் சுத்தியும் இல்ல. எல்லாம் ஒண்டுக்குள்ள ஒண்டு கலந்துதான் போகுது. வள்ளத்துக்குப் போடுற பழக்கத்தில போட்ட கோடு அது."

தலைமை நடுவரின் சிரிப்பு ஒரே நேரத்தில் மறையவில்லை. மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. "பாடப்புத்தகத்தில் கோடு இருக்கிறதே, மிஸ்."

"படம் கீறுற லேசுக்காகப் போட்டிரிப்பாங்க சேர்."

"அந்தப் படத்தைத் தெரிவு செய்தது நான்."

அன்ரனிப்பிள்ளைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "பிழை எண்டு சொல்லுறதெண்டாக் கையக் காட்டிச் சொல்லோணும் டீச்சர். எங்க பிழை? ஒரு மயிரளவு வளைவு காட்டுங்கோ பாப்பம்."

"நேராகத்தான் இருக்கிறது" என்றார் தலைமை நடுவர் அவரிடம், மிகுந்த கண்ணியத்துடன். பஹ்மிதாவைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியென்றால், காட்சிப்பொருளில் பிழை இருக்கிறது என்று விளக்கம் தந்தவரே சொல்கிறார். அப்படியே எடுத்துக்கொள்கிறோம்."

மூன்று பேரும் நகர்ந்தார்கள். மூன்றாமவர், இளம்பெண், இதுவரை வாயே திறக்காதவள், இரண்டடி போய்த் திரும்பி வந்தாள். "நீங்க சொன்னது சரி" என்று காதுக்குள் சொன்னாள். "நானும் வாசிச்சிருக்கிறன்."

"அத அங்க சொல்ல ஏலாதா?" என்று கேட்டாள் பஹ்மிதா.

இளம்பெண் தலைமை நடுவரின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகுக்குப் பின்னால் போனாள். சற்று நேரத்தில் எரிமலை கக்கியது. சனம் கைதட்டியது.

பின்னேரம் முடிவு சொன்னார்கள். தொலைகாட்டி எரிமலைக்கு. வியாழனுக்கு இரண்டாமிடமும் ஒரு சுவர்க்கடிகாரமும். ஸபீனா கடிகாரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பஹ்மிதாவோடு ஒரு லொறியில் போக விருப்பமில்லாமல் பஸ்ஸில் ஏறினார்.

லொறியின் முன்பக்கத்தில் பஹ்மிதாவும் நூர்தீனும். அன்ரனிப்பிள்ளை பின்னால், வியாழனைப் பிடித்துக்கொண்டு. பாலாவி உப்பளங்களைத் தாண்டும்வரை நூர்தீன் பொறுத்தார்.

"வாங்கிறவன் கைய நீட்டிட்டு நிக்கான்" என்றார் பிறகு. "சரக்குக் கைமாறப் போகுது. அந்த நேரத்தில ஆராவது சரக்குக்குக் குத்தம் சொல்லுவாங்களா?"

"நீங்க வள்ளம் விக்கக்குள்ள ஐபு சொல்லாம விப்பீங்களா நானா? ஓட்டை இரிந்தா ஓட்டை எண்டு சொல்றது கடமை தானே?"

"ஐப சொல்லணும். நான் இல்ல எண்டு சொல்லல்ல. சொல்லித்தான் விக்கன், அல்ஹம்துலில்லாஹ், அதாலதான் என்ட வள்ளம் முங்கினாலும் எனக்கு ஏச மாட்டாங்க." மூச்சு வாங்கினார். "ஆனா வாங்கிறவன் அத ஐபு எண்டு நெனச்சாத்தானே அது ஐபு. அவன் அழகு எண்டு காசு குடுக்க வாரான். நீங்க அவன்ட அழகப் பிடிச்சி ஐபு எண்டு சொல்லிப்போட்டீங்க. பொறகு அவன் எங்க மொகத்த வைக்கிற?"

பஹ்மிதாவிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. சரியான பதில்களால் அன்றைக்கு அவளுக்குப் போதும் போதுமென்று ஆகியிருந்தது. இருபக்கமும் வெங்காயத் தோட்டங்கள் ஓடின. இயந்திரங்கள் தண்ணீரைப் பூவாகச் சுழற்றி விசிறிக்கொண்டிருந்தன. மீன்கடைச் சந்தியில் லொறி வேகம் குறைந்தபோது அவள் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

கொட்டிலில் வியாழனை இறக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் வைக்க இடமில்லை என்று ஸபீனா பஸ்ஸிலிருந்தே தகவல் அனுப்பியிருந்தார். ரோட்டுப் பக்கம் பார்க்க வைத்தால் கொட்டிலுக்கு ஒரு அடையாளமாக இருக்கும் என்று நூர்தீன் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்.

"வைங்க" என்றாள் பஹ்மிதா. "ஆனா கோட்டோட வைக்க விடமாட்டன். பள்ளிக்குப் போற புள்ளைகள் எல்லாம் இந்த ரோட்டாலதான் போகுது."

சுவரோரம் கிடந்த தேய்தாள் ஒன்றை எடுத்தாள். முழங்கால் போட்டு உட்கார்ந்து முதற்கோட்டைத் தேய்க்கத் தொடங்கினாள். வள்ளக் கொட்டிலில் ஒரு டீச்சர், பெருநாள் உடுப்பில், தேய்தாளைப் பிழையாகப் பிடித்துக்கொண்டு தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க நூர்தீனால் முடியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். "நேராத் தேய்க்காதீங்க, சுத்தித் தேய்ங்க" என்றார். கொஞ்சத்தில் தானும் உட்கார்ந்தார். வெள்ளை கரைந்து பால்போல மண்ணில் ஓடியது. அதோடு மஞ்சளும் ஓடியது, சிவப்பும் ஓடியது. அன்ரனிப்பிள்ளை வாசலில், அவர்களுக்கு முதுகைக் காட்டி, களப்பைப் பார்த்து நின்றார்.

வெளிச்சம் சாய்வதற்குள் மூன்றும் போய்விட்டன. பஹ்மிதா எழுந்து, விறைத்த காலை இழுத்துக்கொண்டு ரோட்டுவரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளைக் கோடுகள் இருந்த இடத்தில், நிறம் உரிந்து ஃபைபரின் வெளிறிய உடம்பு தெரிய, மூன்று பட்டைகள். முன்பு நூலளவு. இப்போது கையகலம்.

"முந்தியது மெல்லிசா இரிந்திச்சி" என்றார் நூர்தீன், பக்கத்தில் வந்து நின்று. ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

பஹ்மிதாவின் கண் நிறைந்தது. அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அஸ்ஹான் வரமாட்டான். விசிறிக்கு வேறு ஆளில்லை.

அன்ரனிப்பிள்ளை திரும்பினார். மூன்று பட்டையையும் பார்த்தார். தன் கோடு போனதைவிட அந்தக் கோலம்தான் அவருக்குப் பொறுக்கவில்லைபோல. உள்ளே போய் நிறங்களை ஒரு பலகையில் கலந்துகொண்டு, பெரிய பிரஷ் ஒன்றோடு வந்து வியாழனின் முன்னால் குந்தினார்.

"கோவத்தில செய்யேல்ல டீச்சர், விளங்கிச் செய்யப் பாக்கிறன்" என்றார். "கோடு வேண்டாம். சரி. மஞ்சள் சிவப்பாகோணும். எங்க தொடங்கி எங்க முடிக்கிறது? சொல்லுங்கோ."

"எங்கயும் தொடங்கல்ல அண்ணன்" என்றாள் பஹ்மிதா. "எங்கயும் முடியல்ல."

அவர் பிரஷ்ஷைத் தூக்கினார். வெளிறிய பட்டையின் மேலோரத்துக்குக் கொண்டுபோனார், நிறுத்தினார். நடுவுக்குக் கொண்டுபோனார், நிறுத்தினார். கீழோரத்திலும் நிறுத்தினார். நிறம் பிரஷ் நுனியில் திரண்டு மண்ணில் சொட்டியது.

"நீங்க சொல்லுறது சரியா இருக்கும்" என்றார். "ஆனா இந்த பிரஷ்ஷ எங்கயாவது ஒரு இடத்தில வைக்கத்தானே வேணும்."

மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.